காயாத கன்றுக்குட்டி

நெட்டையம்பாளையத்துச் சூளையில் வேலை பார்த்த மூன்று பேரைப் பற்றி ஊரில் யாரும் பொய் சொன்னதில்லை. உண்மையே தாராளமாக இருந்தது.

மூவரில் மூத்தவன் சின்னாண்டி. ஏழு வருஷமாகப் பானை வனையும் மயில்சாமி உடையாரிடம் மண் மிதிக்கிறான். முழங்கால்வரை சேற்றில் நின்றபடியே அவர் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். மண் மிதிப்பதை விட்டுவிட்டு ஒரு நாளாவது அந்தச் சக்கரத்தின் முன்னால் உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. கூட இருந்தவர்கள் மாகாளியும் ரங்கானும். மாகாளி எதையும் யோசித்துத்தான் செய்வான், ஆபத்தே அதில்தான் இருந்தது. ரங்கான் யோசிக்கிற வழக்கம் இல்லாதவன், நேராக ஓடிவிடுவான்.

ஒருநாள் எருமை வைத்திருக்கும் பாவாத்தா வந்தாள். அவளுடைய கன்றுக்குட்டி வயிறு உப்பி மூன்று நாள் படுத்துக் கிடந்து, கருப்பராயனுக்கு வேண்டிக்கொண்டதும் எழுந்து பால் குடித்ததாம்.

"கன்னு எப்படி இருக்குதோ அப்படியே கன்னங்கரேல்னு ஒரு மண்ணு கன்னு வைக்கிறேன்னு வேண்டியிருக்கறேன். ஒரு வெரக்கடை கூடக் கொறைய இருக்கப்படாது. கருப்பராயன் லேசுப்பட்ட சாமி இல்லீங்க" என்றாள்.

அந்த நேரம் பார்த்து உடையாரின் மகளுக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "சின்னாண்டி, உன்ற கை நல்ல கை. நீயே செய். உள்ள மண்ணு அடையாம வெறுங்கூடா இருக்கோணும். நெழல்ல பத்து நாள் காய வை. குழியில வெச்சு மூட்டம் போடறப்போ பொகையை வெளிய உட்டறாதே, பொகை போச்சுன்னா கருப்பும் போச்சு. ஆறுற வரைக்கும் தொறக்காதே. கன்னு நல்லபடியா வந்துச்சுன்னா சக்கரத்துல உன்னைய உக்கார வெக்கறேன்."

எல்லாம் சொன்னவர் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மண் காய்ந்தால் சுருங்கும் என்பதைச் சூளையில் ஏழு வருஷம் இருந்தவனுக்குப் போய்ச் சொல்வார்களா என்று விட்டுவிட்டார்.

சின்னாண்டி கயிற்றை எடுத்துக்கொண்டு போய்க் கன்றை மூக்கிலிருந்து வால் முளைக்கிற இடம்வரை அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தான். நான்கே நாளில் மண்ணில் கன்று நின்றது. காது மடல், ஈர மூக்கு, கோணல் முழங்கால் எல்லாம் அப்படியே இருந்தன. அவன் கைக்கும் தலைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, அதனால் கை பிழைத்துக்கொண்டது.

காய வைப்பதில்தான் சிக்கல் வந்தது. வேப்பமர நிழலில் வைத்தார்கள். சற்று நேரத்தில் நிழல் நகர்ந்துவிட்டது.

"நெழல்ல வைக்கச் சொன்னாங்க. நெழலு போகுது, நாமளும் போகோணும்" என்றான் மாகாளி.

பலகையோடு கன்றைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் நிழலின் பின்னால் போனார்கள். காலையில் மேற்கே, உச்சியில் மரத்தடிக்கு, சாயங்காலம் வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள். கூரை வேய்ந்த கொட்டகை ஒன்று பத்தடியில் காலியாகத்தான் கிடந்தது. பத்து நாளில் உயிருள்ள கன்றுகூட அவ்வளவு தூரம் நடந்திருக்காது.

பதினோராம் நாள் குழியில் வைத்து, வறட்டியும் மரத்தூளும் வைக்கோலும் போட்டுப் பற்ற வைத்து மேலே மண் பூசினார்கள். ஒரு மூலையில் புகை கசிந்தது.

"போகுது" என்றான் ரங்கான். சாக்கை எடுத்துக்கொண்டு ஓடினான்.

புகை முன்னால், ரங்கான் அதன் பின்னால், அவனுக்குப் பின்னால் மற்ற இருவரும். புகை நேராகச் செல்லமுத்துவின் டீக்கடைக் கூரைக்குள் போய் நுழைந்தது. கடைக்குள் ஏற்கெனவே அடுப்புப் புகை நிறைந்திருந்தது.

"எங்க பொகை உங்க கடைக்குள்ள வந்திருச்சுங்க. குடுத்தீங்கன்னா போயிருவோம்" என்றான் சின்னாண்டி, மரியாதையாக.

செல்லமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டே அவனைப் பார்த்தார். "இதுல எதுப்பா உங்களுது?"

மூவரும் கூடிப் பேசினார்கள். கடைசியில் மாகாளி சொன்னான்: "அடையாளம் தெரியலீங்க. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறோம். உங்களுது இருந்தா நாளைக்குக் கொண்டாந்து குடுத்தர்றோம்."

"நல்லாக் கூட்டிப் பெருக்கி எடுத்துட்டுப் போங்க சாமி" என்றார் செல்லமுத்து. அவர் மனதாரத்தான் சொன்னார்.

சாக்கின் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து குழியின் கசிவில் வைத்து அவிழ்த்தார்கள். போதவில்லை என்று மாகாளிக்குத் தோன்றியது. பேருந்துக்குக் காத்திருந்த கிழவர்கள் மூன்று பேரைக் கூட்டிவந்து சுருட்டுப் பிடிக்க வைத்து உள்ளே ஊதச் சொன்னார்கள். பிறகு ஈரச் சாக்குகளைப் போட்டு மூடி, அதன்மேல் மூவரும் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். அவர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான், அது அவர்களுக்குத் தெரியாது.

மறுநாள் மதியம் மாகாளி ஒரு கேள்வி கேட்டான். "ஆறுற வரைக்கும் தொறக்கப்படாது. தொறக்காம ஆறுனது எப்படித் தெரியும்?"

"உக்காந்திருக்கறமல்ல, சூடு தெரியலீன்னா ஆறியிருச்சுன்னு அர்த்தம்" என்றான் சின்னாண்டி.

"எனக்கு நேத்தே தெரியல" என்றான் ரங்கான். அவன் வேட்டியைத் திருப்பிப் பார்த்தபோது காரணம் விளங்கியது: பின்பக்கம் கருகி, அடியில் தோலும் மரத்துப்போயிருந்தது. அவன் சாட்சியைத் தள்ளிவிட்டு மற்ற இருவரும் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

திறந்தால், கன்று கன்னங்கரேலென்று எண்ணெய் தடவினாற்போல மின்னியது. கீறல் ஒன்றுகூட இல்லை. சின்னாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. அளவு பார்க்கலாமென்று கயிற்றைப் பிடித்தான். நான்கு விரல் குறைந்தது.

பாவாத்தா வீட்டுக்கு ஓடிப்போய், "அளவு பார்க்கோணுங்க" என்று சொல்லிக் கன்றை ஓட்டிவந்தார்கள். அது அந்தக் கயிற்றைவிட ஒரு சாண் நீளமாக இருந்தது. சின்னாண்டிக்குச் சக்கரம் கண்ணெதிரே உருண்டு போவதுபோல் இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மாகாளி மண் கன்றையும் உயிர்க் கன்றையும் மாறி மாறிப் பார்த்தான். "இதுல நம்ம தப்பு எதுவுமே இல்லை. இதை நெழல்ல காய வெச்சோம், பொகை போட்டோம். அதை ஆராச்சும் காய வெச்சாங்களா?"

சின்னாண்டிக்கு உயிர் வந்தது. "சாமிக்கு வேணுங்கறது ரெண்டும் ஒண்ணா இருக்கறதுதானே" என்றான்.

அன்று முதல் உயிர்க் கன்றை முறை போட்டுத் தூக்கிக்கொண்டு வேப்பமர நிழலைச் சுற்றி வந்தார்கள். பக்கத்தில் வேப்பந்தழை மூட்டம் போட்டுச் சாக்கால் விசிறி, புகை கன்றின்மேல் படும்படி பார்த்துக்கொண்டார்கள். பால் நேரத்துக்கு மட்டும் தாயிடம் கொண்டுபோய் விட்டார்கள். மடியில் படுத்த சுகமும் கொசுத்தொல்லை இல்லாததும் சேர்ந்து கன்று இன்னும் கொஞ்சம் வளர்ந்தது.

அளவு பார்ப்பது இன்னுமா முடியவில்லை என்று நான்காம் நாள் பாவாத்தா கன்றைத் தேடி வந்தாள். நிழலில், புகை சூழ, சின்னாண்டியின் மடியில் தூங்கும் கன்றைப் பார்த்து நெஞ்சு இளகிப்போனாள். "பெத்த தாய்கூட இப்படிப் பார்த்துக்க மாட்டாளே சாமி" என்றாள். மண் கன்றைத் தொட்டுக் கும்பிட்டாள். "அச்சு அசல் என்ற கன்னேதான்."

அப்போது பேரன் பிறந்த சந்தோஷத்தோடு உடையாரும் வந்து சேர்ந்தார். மண் கன்றைத் தட்டிப் பார்த்தார். கணீரென்றது. சின்னாண்டியின் தோளில் கை வைத்தார்.

"சக்கரத்துல போய் உக்காருடா" என்றார்.

சின்னாண்டி உட்காரவில்லை. பொய் சொல்லிச் சக்கரம் ஏற அவனுக்கு மனம் வரவில்லை. "ஐயா, நாலு விரல் கொறையுதுங்க."

உடையார் சிரித்தார். "மண்ணு காஞ்சாச் சுருங்குமடா. அதுக்குத்தான் முன்னாடியே கொஞ்சம் பெருசாச் செய்யறது. சுட்டா அளவு சரியாப் போயிரும். இது தெரியாதா?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் மனதில் இருந்த பாரம் இறங்கிப் போயிற்று.

"பார்த்தியா மாகாளி, அதனாலதான் கன்னு முன்னாடியே ஒரு சாண் பெருசா வளர்ந்திருக்குது" என்றான் சின்னாண்டி. "நாமதான் அவசரப்பட்டுப் பயந்துட்டோம். சுட்டாச் சரியாப் போயிரும். ரங்கா, குழியைத் தொற."

எந்தக் கன்றைச் சுடப் போகிறார்கள் என்பது பாவாத்தாவுக்கு விளங்கிவிட்டது. கன்றை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். நான்கு நாள் மூட்டத்தில் கிடந்த கன்றின் முடியிலிருந்து புகைவாடை தெருவெல்லாம் வீசியது.

"பொகை போகுது" என்றான் ரங்கான். சாக்கை எடுத்துக்கொண்டு அவன் ஓட, மற்ற இருவரும் பின்னால் ஓடினார்கள்.

உடையார் காலிச் சக்கரத்தைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்குழியில் இறங்கினார். அன்றைக்கு மண்ணை அவர்தான் மிதித்தார்.