மன்னர் வழித்துச் சாப்பிட்ட தட்டு

முன்னொரு காலத்தில் ஒரு மன்னர் இருந்தார். அவரிடம் எல்லாம் இருந்தது, சோற்றில் உப்பு மட்டும் இல்லை. எந்த நாடு என்று கேட்காதீர்கள். சொன்னால் அவருடைய பேரன் பேத்திகள் சண்டைக்கு வருவார்கள். பெயர் பூபதிராயர் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் முடிசூட்டிக்கொண்ட அன்று பெரிய விருந்து நடந்தது. அன்றைக்கு இருந்த சமையல்காரர் பதற்றத்தில் ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டார். பந்தியில் இருந்த அத்தனை பேருக்கும் முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் ஒருவரும் வாய் திறக்காமல் மன்னரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மன்னருக்கு அப்போது சின்ன வயது. முதல் விருந்திலேயே குறை என்று ஊர் பேசிவிடுமே என்று பயந்து, "ஆஹா, அற்புதமான ரசம்! இனி நமக்கு இப்படியே சமைக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

பக்கத்து இலையில் இருந்தவர் வரதராயர். அரண்மனைக் காரியக்காரர், வேலையாட்களை எல்லாம் மேய்ப்பவர் அவர்தான். மன்னர் தும்மினால்கூட அதில் ஒரு சட்டம் இருக்கிறதா என்று பார்க்கிற மனிதர். பந்தி முடிவதற்குள் முரசறைந்துவிட்டார்: "மன்னர் உணவில் ஒரு கல் உப்பும் விழக்கூடாது. விழச் செய்பவர் நாடு கடத்தப்படுவார்!"

மறுநாளே மன்னர் அதை மாற்றியிருக்கலாம். ஆனால் அவருடைய அப்பா சாகும்போது, "சொன்ன சொல்லை மாற்றாதே. மாற்றினால் வேலைக்காரன்கூட உன்னை மதிக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். செத்துப்போகிறவர்கள் இப்படி எதையாவது சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். இருப்பவர்கள் அல்லவா அதை வைத்துக்கொண்டு அல்லாடுகிறார்கள்?

ஆக, வருஷக்கணக்கில் உப்பில்லாச் சோறு. பெரிய கூடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்தால், அடுத்த இலைக்காரன் ஊறுகாயை நக்குவதைப் பார்க்க வேண்டியிருந்தது. பொறுக்க முடியாமல் மன்னர் மாடி அறையில் தனியாகச் சாப்பிடத் தொடங்கினார். ராணியும் கொஞ்ச நாள் கூட உட்கார்ந்து பார்த்தாள். பிறகு அவளுடைய தாய்வீட்டில் விசேஷங்கள் அதிகமாகிவிட்டன.

அந்த மாடி அறைக்கு நேர் கீழேதான் மடைப்பள்ளி. மன்னருக்குத் தட்டு போனதும் வேலையாட்கள் அங்கே பந்தி போட்டு உட்காருவார்கள். அவர்களுடைய சிரிப்புச் சத்தம் ஜன்னல் வழியாக மேலே வரும். என்னதான் அப்படிச் சிரிக்கிறார்கள் என்று மன்னர் ஒருநாள் இறங்கிப் போனார். படியில் அவருடைய மரப் பாதக்குறட்டுச் சத்தம் கேட்டதுமே சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால், எல்லோரும் எழுந்து, எச்சில் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, தலை குனிந்து நின்றார்கள். "சாப்பிடுங்கள்" என்றார். யாரும் உட்காரவில்லை. மன்னர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மாடிக்கே திரும்பிப் போனார். பாவம், வேறு எங்கே போவார்?

அந்த அரண்மனையில் தனியாகச் சாப்பிடுகிற ஆள் இன்னொருவனும் இருந்தான். விகடக்காரன் குப்பாண்டி. மன்னரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. கோமாளி என்று சபைக்காரர்கள் அவனைப் பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள். மேலே போய்க் கோள் சொல்லுவான் என்று வேலையாட்களுக்கு அவனிடம் பயம். அவன் கிண்ணத்தில் சோற்றை வாங்கிக்கொண்டு யானைக் கொட்டிலுக்குப் போய்விடுவான். யானை கோமாளி என்றும் சொல்லாது, கோள்காரன் என்றும் பயப்படாது.

ஒருநாள் சபையில் மன்னர் கேட்டார்: "குப்பாண்டி, என் வேலையாட்கள் என்னைக் கண்டு நடுங்குகிறார்கள். நானும் இட்ட ஆணையை ஒருபோதும் மாற்றியதில்லை. ஆயினும் அவர்கள் என்னை மதிக்கிறார்களா என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லையே?"

குப்பாண்டி வாய் திறப்பதற்குள் வரதராயர் எழுந்தார். மன்னர் எதையும் முதலில் அவனிடம் கேட்பது ராயருக்கு வெகுநாளாகவே வயிற்றெரிச்சல்.

"பெருமானே, குப்பாண்டியால் ஆகாதது உண்டா? அந்த மரியாதையைக் கொண்டுவந்து தங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அவனுக்கு இந்தச் சபையில் என்ன வேலை?"

மன்னருக்கு அன்று மனசு சரியில்லை. "ஆம், கொண்டு வா. இல்லையேல் வேறு சபை பார்த்துக்கொள்" என்றுவிட்டார்.

"ஆகட்டும் அரசே. படிக்கணக்கில் வேண்டுமா, மூட்டைக்கணக்கில் வேண்டுமா?"

சபை சிரித்தது. மன்னர் சிரிக்கவில்லை. போகக் குப்பாண்டிக்கு வேறு இடமும் இல்லை, அவனுக்காகக் காத்திருக்க ஆளும் இல்லை.

இதற்கிடையில் மடைப்பள்ளியில் ஒரு காரியம் நடந்தது. அப்போது மன்னருக்குச் சமைத்தவள் வடிவாச்சி. புருஷன் இல்லை, ஒரே மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து வீட்டில் இருந்தாள். மேலே போகிற தட்டு தினமும் பாதிச் சோற்றோடு திரும்பி வருவதைக் கழுவிக் கழுவி அவளுக்கு மனசு விட்டுப்போயிருந்தது. அன்று மதியம் மன்னருக்கு அவள் அனுப்பிய ரசத்தில் உப்பு இருந்தது.

மன்னர் ஒரு வாய் குடித்தார். குடித்தவர் அப்படியே நிறுத்தினார். கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு மொத்த ரசத்தையும் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு, தட்டை விரலால் வழித்தார். அழுகை வந்துவிட்டது அவருக்கு. யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் சமைத்தவளுக்கு நாடு கடத்தல். சொல்லாவிட்டால் ஒருவேளை நாளைக்கும் கிடைக்கும். கை கழுவிவிட்டுத் தட்டைக் கீழே அனுப்பினார்.

கீழே குப்பாண்டி கிண்ணத்தோடு சோறு வாங்க வந்தான். வடிவாச்சி வெறும் சோற்றில் தண்ணீரை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு ரசம் வைத்தவளுக்கு ரசம் இல்லையா என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தபோதே மன்னரின் தட்டு திரும்பி வந்தது. தட்டு காலியாகப் போவதைக் கண்ட வரதராயரும் பின்னாலேயே வந்தார். தட்டைத் தூக்கிப் பார்த்தார். ஒரு பருக்கை மீதமில்லை, விரலால் வழித்த தடம் மட்டும் இருந்தது. தட்டோடு வந்த ரசக் கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த ரசத்தைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு!" என்று கத்தினார்.

உடனே சபை கூடியது. சாட்சிக்கு அந்தத் தட்டையும் ராயர் கொண்டுவந்து வைத்தார். வடிவாச்சி நடுவில் நின்றாள். மற்ற வேலையாட்கள் வாசல் ஓரத்தில் தலை குனிந்து நின்றார்கள்.

"ஆமாங்க சாமி, உப்புப் போட்ட ரசந்தான் குடுத்துவிட்டேன்" என்றாள் வடிவாச்சி. "தெனமும் தட்டு பாதிச் சோத்தோட வருது. ஒரு மனுசன் வயிறு காயறதப் பாத்துக்கிட்டு எத்தன நாளைக்குச் சும்மா இருக்கறது?"

மன்னரை யாரும் மனுசன் என்று சொல்லி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் அப்பா சொன்ன சொல் காதில் கேட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆணை ஆணைதான்" என்றார்.

"எம் மக மாசமா இருக்கா சாமி. அவளுக்கு என்ன விட்டா யாருமில்ல. புள்ள பொறக்குற மட்டும் விட்டீங்கன்னா, அப்புறம் நானே போயிடறேன்."

"ஆணையில் அப்படி விலக்கு ஏதும் இல்லை" என்றார் வரதராயர்.

குப்பாண்டி முன்னால் வந்து கும்பிட்டான். மன்னர் எரிச்சலோடு, "இது விளையாடும் வேளையன்று" என்றார்.

"விளையாட வரவில்லை அரசே. ஒரு திருட்டு வழக்கைக் கொண்டுவந்திருக்கிறேன். அதற்கு முன் ராயர் அவர்கள் ஆணையை ஒருமுறை சொல்லட்டும், சொல் பிசகாமல்."

"மன்னர் உணவில் ஒரு கல் உப்பும் விழக்கூடாது" என்றார் ராயர் கம்பீரமாக.

"மன்னர் உணவு என்பது எது?"

"இதுகூடத் தெரியாதா? மன்னருக்கென்று தனி அடுப்பில், தனிப் பானையில் சமைப்பது."

"அந்தப் பானையைக் கொண்டுவரச் சொல்லுங்கள்."

பானை வந்தது. ரசம் வைத்தபடியே இருந்தது. ராயரைக் குடித்துப் பார்க்கச் சொன்னான் குப்பாண்டி. ஒரு வாய் குடித்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"உப்பு இருக்கிறதா?"

"இ... இல்லை."

"ஆக, மன்னர் உணவில் உப்பு விழவில்லை. ஆணையும் மீறப்படவில்லை. மன்னர் குடித்தது வேலையாட்கள் பானையில் இருந்த ரசம். அதிலும் வடிவாச்சியின் பங்கு. அதனால்தான் அவள் இன்று வெறும் சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டாள், நான் பார்த்தேன். இனி விசாரிக்க வேண்டியது ஒன்றுதான் அரசே. ஒரு வேலைக்காரியின் பங்கைச் சாப்பிட்டவர், தெரிந்து சாப்பிட்டாரா, தெரியாமல் சாப்பிட்டாரா?"

வரதராயர் துள்ளி எழுந்தார். "தெரியாமல்தான் சாப்பிட்டிருப்பார்! வேலையாட்கள் பானை ரசத்தை மன்னருக்குக் கொடுத்து ஏமாற்றினாள் என்றால், அது இன்னும் பெரிய குற்றமல்லவா?"

குப்பாண்டியிடம் இருந்த வாதம் அவ்வளவுதான். மீதி மன்னர் கையில் இருந்தது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மன்னரின் மானம் பிழைத்துக்கொள்ளும். வடிவாச்சி எல்லை தாண்டிப் போய்விடுவாள். மன்னர் தட்டைப் பார்த்தார். அவர் வழித்த விரல்தடம் அதில் இன்னும் இருந்தது.

சிம்மாசனத்தை விட்டு இறங்கினார்.

"தெரிந்துதான் சாப்பிட்டேன். முதல் வாயிலேயே தெரிந்தது" என்றார். "முடிசூட்டு விருந்து ரசத்தில் உப்பு இல்லை என்பதும் அன்றே எனக்குத் தெரியும். பயந்துபோய்ப் பொய் சொன்னேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்று இவளைத் துரத்தப் பார்த்தேன். அந்த ஆணை இன்றோடு ஒழிந்தது. வடிவாச்சி, தவறு என்னுடையது. என்னை மன்னித்துவிடு."

சபையில் ஒருவரும் ஆஹா என்று சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை. வாசலோரம் நின்ற வேலையாட்கள் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள். தங்கள் மன்னரின் முகம் எப்படி இருக்கும் என்று அவர்களில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மன்னர் கேட்டார்: "குப்பாண்டி, நான் கேட்ட மரியாதை எங்கே?"

"தூக்கி வரலாம் என்றுதான் போனேன் அரசே. மாடிப்படி ஏறமாட்டேன் என்கிறது. தாங்கள்தான் கீழே வரவேண்டும்."

அன்று விளக்கு வைத்த வேளையில் மன்னர் பாதக்குறடுகளை மாடியிலேயே கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு இறங்கிப் போனார். வேலையாட்கள் அவரைக் கண்டதும் பாதி எழுந்துவிட்டார்கள்.

"நீங்கள் எழுந்தால் நானும் போக வேண்டியதுதான். எனக்குப் பசிக்கிறது" என்றார் மன்னர். "வடிவாச்சி, எனக்கும் ஒரு இலை போடுவாயா?"

தண்ணீர் சுமக்கும் மாசானத்துக்குப் பக்கத்தில் இலை விழுந்தது. சோறும் ரசமும் வந்தன. மன்னர் ஒரு வாய் சாப்பிட்டார். எல்லோரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள்.

"உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது" என்றார்.

"மத்தியானத்துலேருந்து அழுதுக்கிட்டு இருந்தேன் சாமி, கை அளவு தப்பிருச்சு" என்றாள் வடிவாச்சி. "தப்பு நீங்க மட்டுந்தான் பண்ணணுமா, நாங்க பண்ணக்கூடாதா?"

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அது பந்தி முழுக்கப் பரவியது. மன்னரும் சிரித்தார்; வாயில் சோற்றோடு சிரித்ததில் புரையேறிவிட்டது. மாசானம் சட்டென்று இடக்கையால் அவருடைய உச்சந்தலையில் தட்டினான். "மெல்ல, மெல்ல, தண்ணி குடிங்க" என்று சொன்ன பிறகுதான், தான் யார் தலையில் கை வைத்திருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. கை அந்தரத்தில் நின்றது. மன்னர் கண்ணில் நீர் வழிய இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து மாசானமும் சிரித்தான். அந்தச் சிரிப்பு நிற்கவே இல்லை.

வரதராயர் மட்டும் வாசலில் விறைத்து நின்றார். "தனிப் பானை ரசம் அப்படியே இருக்கிறது அரசே, ராயருக்கு ஊற்றலாமா?" என்று குப்பாண்டி கேட்டான்.

"வேண்டாம். நான் பட்ட பாடு போதும். ராயரே, வந்து உட்காருங்கள்" என்ற மன்னர், தம் கையிலிருந்த தங்கக் கடகத்தைக் கழற்றிக் குப்பாண்டியிடம் நீட்டினார்.

அவன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு பழக்கதோஷத்தில் கிண்ணத்தில் சோற்றை வாங்கிக்கொண்டு வெளியே போகத் திரும்பினான்.

"எங்கண்ணே போறீங்க?" என்றாள் வடிவாச்சி. "ஏம்ப்பா, கொஞ்சம் நகந்து உக்காருங்களேன். அண்ணனுக்கும் ஒரு எல போடணும்."

பந்தி நகர்ந்து இடம் விட்டது. குப்பாண்டி கிண்ணத்துச் சோற்றை இலையில் கவிழ்த்து, உட்கார்ந்து பிசைந்தான்.

அன்றைக்கு யானைதான் தனியாகச் சாப்பிட்டது.