கொம்பையாவின் இடது பக்கம்

குளக்கரைப் புல்வெளியில் கொம்பையா என்ற காட்டெருமை மேய்ந்துகொண்டிருந்தார். அவர் முதுகில் வெள்ளாயி என்ற உண்ணிக்கொக்கு நின்று உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவருக்கு அரிப்பு தீரும். அவளுக்கு வயிறு நிறையும். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. வெள்ளாயிக்குக் கூச்சம். கொம்பையாவுக்கு அசை போடவே நேரம் சரியாக இருந்தது.

ஆனால் கொஞ்ச நாளாக வெள்ளாயிக்கு நிம்மதி இல்லை. மந்தையின் மற்ற முதுகுகளையெல்லாம் மைனாக்கள் பிடித்துவிட்டன. விடிந்தால் போதும், "எங்களிடம் வாருங்கள்! பாட்டோடு உண்ணி எடுப்போம்!" என்று காதைத் துளைத்தன. எருமைகளும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. மிச்சம் கொம்பையா ஒருவர்தான். அவரும் போய்விட்டால் கூட்டிலிருக்கும் குஞ்சுகளுக்கு எதைக் கொடுப்பது?

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் பவளமூக்கன் என்ற கிளி. நகரத்தில் ஒரு விளம்பரக் கம்பெனியின் வரவேற்பறைக் கூண்டில் இருந்தவன். யாரோ கதவைச் சாத்த மறந்த நாளில் பறந்து வந்துவிட்டான். அங்கே காதில் விழுந்த வார்த்தைகள் எல்லாம் அவனோடு வந்துவிட்டன.

"மேடம், உங்கள் வேலை பிரமாதம்! ஆனால் அது யாருக்குத் தெரியும்?" என்றான்.

"கொம்பையா அண்ணனுக்குத் தெரியும்," என்றாள் வெள்ளாயி மெதுவாக.

"ஒருவருக்குத் தெரிந்தால் போதுமா? நீங்கள் ஒரு பிராண்ட் ஆக வேண்டும்! காடே உங்களைப் பற்றிப் பேச வேண்டும்!"

"பேசினா அண்ணன் என்னை விட்டுப் போகமாட்டாரா?"

"போவதா? உங்களுக்காக வரிசையில் நிற்பார்!"

வெள்ளாயி நம்பிவிட்டாள்.

செய்தியைப் பரப்ப பவளமூக்கன் முதலில் தவிட்டுக்குருவிகளைப் பிடித்தான். ஒரு புதரில் கேட்டதை அடுத்த புதரில் சொல்லாவிட்டால் அவற்றுக்குத் தலை வெடித்துவிடும். அடுத்து ஒரு யோசனை சொன்னான்.

"பௌர்ணமியன்று கண்காட்சி! கொம்பையாவின் வலது பக்கத்தைச் சுத்தமாக வையுங்கள். இடது பக்கத்தைத் தொடவே கூடாது. இடது பக்கம் 'முன்பு'! வலது பக்கம் 'பின்பு'! நகரத்தில் பல்பொடியிலிருந்து பெயின்ட் வரை இப்படித்தான் விற்கிறார்கள்!"

"அவருக்கு அரிக்குமே?"

"அரித்தால்தானே மேடம் விளம்பரம்!"

கொம்பையாவுக்கு விஷயம் புரியவில்லை. "என்னம்மா, இடது பக்கத்தை மறந்துட்டியா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. பௌர்ணமி வரைக்கும் பொறுத்துக்கோங்க. கண்காட்சி இருக்கு."

"யாருக்கு?"

"ஊருக்கெல்லாம்."

"அரிக்கிறது எனக்குல்ல?"

வெள்ளாயி வலது பக்கத்துக்கே நகர்ந்துகொண்டாள். அவள் பாடும் திண்டாட்டம்தான். வலது பக்கத்தில் உண்ணி இல்லை. இடது பக்கத்தில் நிறைய இருந்தது, தொடக்கூடாது. ஒரு வெட்டுக்கிளியையாவது பிடிக்கலாம் என்று இறங்கினால், "மேடம், மான்கள் பார்க்க வந்திருக்கின்றன! ஒற்றைக்காலில் நில்லுங்கள்!" என்று பவளமூக்கன் கத்துவான். நின்றாள். கூட்டில் குஞ்சுகள் கத்தின.

ஒரு சாயங்காலம் குளத்துத் தவளைகள் எல்லாம் ஒன்றாகக் கத்த ஆரம்பித்தன.

"கேட்டீர்களா! அத்தனையும் லைக்!" என்று குதித்தான் பவளமூக்கன்.

"எனக்கா?"

"வேறு யாருக்கு?"

சொல்லி வாய் மூடுவதற்குள் இடி இடித்து மழை கொட்டியது. "நிஜமாவே எனக்குத்தானா?" என்று நனைந்தபடி கேட்டாள் வெள்ளாயி. பவளமூக்கன் அதற்குள் பொந்துக்குள் போய்விட்டான்.

பௌர்ணமி வந்தது. பகலிலேயே புல்வெளி நிறைந்துவிட்டது. மான்கள், முயல்கள், குரங்குகள், ஒரு கரடி. மைனாக்கள்கூடத் தங்கள் எருமைகளோடு வந்திருந்தன. பவளமூக்கன் கொம்பையாவின் கொம்பில் ஏறி நின்றான்.

"நண்பர்களே! இதோ வலது பக்கம், பட்டு! இதோ இடது பக்கம்..."

கொம்பையாவின் இடது பக்கத் தோல் துடித்துக்கொண்டிருந்தது. அவர் முகத்தைத் திருப்பி மெல்லச் சொன்னார்: "வெள்ளாயி, ஒண்ணே ஒண்ணும்மா. தோளுக்குக் கீழ. உயிர் போகுது, எடுத்துடேன்."

வெள்ளாயி அலகைத் தாழ்த்தினாள்.

"மேடம், தொடாதீர்கள்! இன்றைய கதாநாயகனே அதுதான்!" என்று அலறினான் பவளமூக்கன்.

அத்தனை கண்களும் தன்மேல் இருப்பதைப் பார்த்தாள் வெள்ளாயி. அலகை எடுத்துக்கொண்டாள்.

கொம்பையா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நடந்தார். கூட்டம் விலகியது. நேராகப் போய்க் குளத்துச் சேற்றில் விழுந்தார். இந்தப் பக்கம் புரண்டார், அந்தப் பக்கம் புரண்டார். எழுந்து வந்தபோது தலை முதல் வால் வரை ஒரே சேறு.

"இதுல எது முன்பு, எது பின்பு?" என்று கேட்டது ஒரு முயல்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது," என்றது கரடி.

பவளமூக்கன் கொஞ்சமும் அசரவில்லை. "நண்பர்களே! உண்ணிக்கு ஒரே தீர்வு, குளத்துச் சேறு!" என்று கூவினான். அவ்வளவுதான். மந்தை மொத்தமும் மைனாக்களை உதறிவிட்டுக் குளத்துக்குள் பாய்ந்தது.

வெள்ளாயி தயங்கித் தயங்கிக் கொம்பையாவிடம் போனாள். அவர் ஒரு மரத்தடியில் படுத்திருந்தார். காய்ந்த சேற்றோடு உண்ணிகளும் உதிர்ந்துகொண்டிருந்தன.

"அண்ணே..."

"போம்மா. மைனா சத்தம் தாங்காமத்தான் உன்கூட இருந்தேன். நீ அதுங்களையே தோற்கடிச்சிட்ட."

வெள்ளாயி சிறகை விரித்தாள். திரும்பிப் பறக்கப் போனவள், அவர் தலையை உதறுவதைப் பார்த்தாள். மறுபடியும் உதறினார். காதுக்குள் சேறு போகவில்லை. அங்கே கொழுத்த உண்ணி ஒன்று உட்கார்ந்திருந்தது.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. எட்டி, வலிக்காமல் எடுத்தாள்.

"இது எந்தக் கண்காட்சிக்கு?" என்றார் கொம்பையா.

"கண்காட்சி இல்லண்ணே. பசிக்குது. பிள்ளைங்களுக்கும் பசி."

கொம்பையா கொஞ்ச நேரம் அசை போட்டார். பிறகு மற்றக் காதைத் திருப்பிக் காட்டினார்.

மறுநாள் வெள்ளாயி கொம்பையாவின் காதோரம் இருந்தபோது பவளமூக்கன் பறந்து வந்தான். "மேடம்! சேறு புகழில் எங்கேயோ போய்விட்டது! உங்களுக்கும் புது யோசனை வைத்திருக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?"

வெள்ளாயி ஒன்றும் சொல்லவில்லை. அவள் வாய் நிறைய உண்ணி இருந்தது.

வேலையை ஊருக்குக் காட்டுவதற்காக வேலையையே நிறுத்தி வைத்தால், கூட்டம் சேரும், வயிறு நிறையாது.