திட்டு வந்த திசை

ஒரு காட்டில் ஓர் ஆறு. ஆற்றங்கரையில் ஒரு வளை. அந்த வளைக்குள் கோமளா என்றொரு நீர்நாய் குடியிருந்தாள். கோமளா என்று பெயர் வைத்தவர்கள், அவள் பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அவசரப்பட்டு வைத்துவிட்டார்கள். அவள் வாயைத் திறந்தால், அக்கரையில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு இரண்டு காலையும் ஊன்றிக்கொள்ளும்.

அவள் கணவர் விராலன். அதிகம் பேசமாட்டார். மீன் பிடிப்பார், கொண்டுவந்து வைப்பார், அடுத்த மீனுக்குப் போய்விடுவார். மூத்த மகள் பெயர் அயிரை. அவளுக்குப் பின்னால் இன்னும் கண் திறக்காத குட்டிகள் இரண்டு.

அந்த வருடம் மழை கொட்டித் தீர்த்தது. ஒரு நாள் திடீரென்று வெள்ளம் வந்தது. அயிரை நடு ஆற்றில் அகப்பட்டுக்கொண்டு, எப்படியோ கரை சேர்ந்தாள். அன்று கோமளாவுக்குத் தொண்டை கட்டி, மூன்று நாள் பேச்சே வரவில்லை. குளிர்ந்த காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சைகையில் சொல்லிவிட்டாள். அந்த மூன்று நாளும் காடு நிம்மதியாக இருந்தது. தொண்டை சரியான பிறகும் வெள்ளத்தைப் பற்றி மட்டும் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

மழை விட்டது. ஆனால் வளை காயவில்லை. குட்டிகள் இரண்டும் மாற்றி மாற்றித் தும்மின. இனிமேல் பனிக்காலம். கோமளாவுக்கு ஒரே ஒரு யோசனைதான் இருந்தது. அது வெயில் பாறை.

வெயில் பாறை ஆற்றோரத்தில் இருந்தது. காலையின் முதல் வெயில் அதன் மேல்தான் விழும். மாலையின் கடைசி வெயிலும் அதைத் தடவிவிட்டுத்தான் போகும். அது யாருக்கு என்பதற்கு அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலம் முடிந்ததும் எல்லோரும் மருத மரத்தடியில் கூடுவார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக முன்னால் வந்து, மழையில் தங்களுக்கு உதவியவர்களின் பெயரைச் சொல்லுவார்கள். ஒரு நன்றிக்கு ஓர் இலை. எந்தப் பிள்ளை அதிக இலை வைக்கிறதோ, அந்தக் குடும்பத்துக்குப் பனிக்காலம் முடியும்வரை பாறை சொந்தம். நடுவர், பெரியநாயகி என்ற யானை.

போன வருடம் பாறை கிளி வீட்டுக்குப் போயிற்று. கிளிக்கு எதற்குப் பாறை? அது வழக்கம்போல் கிளையில்தான் உட்கார்ந்திருந்தது. பாறை சும்மா கிடந்து காய்ந்தது. அதைப் பார்த்துப் பார்த்துக் கோமளாவுக்கு வயிறு எரிந்தது.

“அயிரை, இங்கே வாடி. இந்தத் தடவை எத்தனை பேருக்கு நன்றி சொல்லப் போகிறாய்?”

அயிரை யோசித்தாள். “ஒன்று இருக்கிறது அம்மா.”

“ஒன்றா? அதற்குக் கூழாங்கல்கூடக் கொடுக்கமாட்டார்கள். பேசாமல் உட்கார். நான் சொல்கிறேன், நீ திரும்பச் சொல். ஒரு சொல் விடக் கூடாது. என் வாயில் எப்படி வருகிறதோ அப்படியே உன் வாயிலும் வர வேண்டும்.”

வீட்டுப்பாடத்தை அம்மாவே எழுதிக் கொடுத்த பிள்ளைகள் யாராவது இருந்தால், சிரிக்காமல் மேலே கேளுங்கள்.

பத்து நாள் ஒத்திகை நடந்தது. எங்கே நிமிர வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும், எல்லாவற்றையும் கோமளா நடுநடுவே சொல்லிக் கொடுத்தாள். அயிரை நல்ல பிள்ளை. ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்தாள்.

ஒரு நாள் விராலன் மீனை வைத்துவிட்டுத் தயங்கி நின்றார். “கோமளா, அதில் நான் எத்தனையாவது?”

“பத்தொன்பதாவது. சேற்றுக்கு அப்புறம்.”

“சேறு என்ன செய்தது?”

“கேள்வி கேட்காதீங்க. நாற்பது வந்தாக வேண்டும்.”

அவர் அடுத்த மீனுக்குப் போய்விட்டார். அந்தப் பத்து நாளும் மூன்று வேளையும் மீன் வந்தது. வளையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஒரு வேளை வராமல் இருந்திருந்தால் கவனித்திருப்பார்கள்.

கூட்ட நாள் வந்தது. மருத மரத்தடியில் காடே உட்கார்ந்திருந்தது. விராலனின் அக்கா, அதாவது அயிரையின் அத்தை, முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள். தாய்க்கிளி பச்சையம்மா, கோமளாவின் தலைக்கு மேலிருந்த கிளையில் வந்து அமர்ந்து, எத்தனை தயார் என்று விசாரித்தாள். நாற்பது என்று கோமளா மீசையைத் தடவிக்கொண்டு சொன்னாள்.

“நாற்பதா, பரவாயில்லை அக்கா. எங்கள் பவளம் நூறோடு நிறுத்திக்கொண்டாள். அதற்கு மேல் போனால் கேட்பவர்களுக்குக் கால் மரத்துவிடுமே.”

பவளத்தைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். கிளிக்குஞ்சு மூச்சு விடாமல் நூறு பெயர் சொல்லி, நூறு இலை வைத்தது. பச்சையம்மா சிறகை விரித்து எல்லோருக்கும் வணக்கம் வைத்தாள்.

பெரியநாயகி காதை ஆட்டினாள். “அழகாகச் சொன்னாய் கண்ணு. ஆமைக்கு நன்றி என்றாயே, ஆமை உனக்கு என்ன செய்தது?”

“ஆமைக்கு நன்றி,” என்றது பவளம்.

“சரி. என்ன செய்தது?”

குஞ்சு தாயைப் பார்த்தது. தாய் வேறு எங்கோ பார்த்தாள். “அது பாடத்தில் இல்லை,” என்றது குஞ்சு.

பின்வரிசையில் ஆமை மெல்லத் தலையை நீட்டியது. “நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்,” என்றது.

பெரியநாயகி அணிலைப் பற்றிக் கேட்டாள், காற்றைப் பற்றிக் கேட்டாள். எதுவும் பாடத்தில் இல்லை. அவள் துதிக்கையால் ஓர் ஊது ஊதினாள். நூறு இலையும் பறந்தன. அவர் என்ன செய்தார் என்று சொல்லத் தெரிந்தால்தான் இலை செல்லும் என்று அறிவித்துவிட்டாள்.

அடுத்ததாக ஒரு முயல்குட்டி வந்தது. மூன்றே இலை வைத்தது. புதரில் நனையாத பக்கத்தைத் தனக்கு விட்டுக்கொடுத்த அண்ணனுக்கு ஒன்று. இடி இடித்தபோதெல்லாம் தன் காதைப் பொத்திய அப்பாவுக்கு ஒன்று. தனக்குப் பசி இல்லை என்று அம்மா பொய் சொன்னாளே, அந்தப் பொய்க்கு ஒன்று. மூன்றும் செல்லும் என்றாள் பெரியநாயகி.

கோமளா அயிரையைப் பக்கத்தில் இழுத்தாள். நாற்பதுக்கும் காரணம் கேட்டால் என்ன செய்வது? சேற்றுக்கு இப்போது எங்கே போய்க் காரணம் தேடுவது? அவள் அயிரையின் காதில் கிசுகிசுத்தாள். “அந்த யானை வாயைத் திறப்பதற்குள் நாற்பதையும் முடித்துவிடு. எங்கும் நிற்காதே. ஒரு சொல் விடாதே.”

அயிரை முன்னால் போய் நின்றாள். மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

“மழைக்கு நன்றி நிமிர்ந்து நில் ஆற்றுக்கு நன்றி வாலை ஆட்டாதே,” என்று ஆரம்பித்தாள். அம்மாவின் வாயில் எப்படி வந்ததோ அப்படியே வந்தது. “சேற்றுக்கு நன்றி அப்பாவுக்கு நன்றி மீனை வைத்துவிட்டுப் போங்க இங்கே நிற்காதீங்க அத்தைக்கு நன்றி அவள் ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை இருந்தாலும் சொல்லி வை இல்லாவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள் நடுவர் பெரியநாயகி அம்மாவுக்கு நன்றி இங்கே ஒரு சிரிப்பு சிரி அந்த யானைக்குப் புகழ்ச்சி என்றால் உயிர்.”

சொன்னபடியே ஒரு சிரிப்பும் சிரித்தாள்.

“அம்மாவுக்கு நன்றி குரலைக் கொஞ்சம் இறக்கு கண்ணைத் துடைத்துக்கொள்,” என்று முடித்து, கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு குரங்கு சிரித்துச் சிரித்துக் கிளையிலிருந்து கீழே விழுந்தது. அதோடு காடே சிரித்தது. பச்சையம்மாவுக்குச் சிரிப்பில் இரண்டு இறகு உதிர்ந்தது. அத்தை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கோமளா ஆற்றைப் பார்த்தாள். குதித்துவிடலாம்போல் இருந்தது. ஆனால் நீர்நாய் ஆற்றில் குதித்து என்ன ஆகிவிடப் போகிறது?

பெரியநாயகி மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் புகழ்ச்சி விஷயம் உண்மை என்பதால் இருக்கலாம். அவள் துதிக்கையைத் தூக்கினாள். சிரிப்பு அடங்கியது.

“நாற்பதும் உன் அம்மாவுடையது. அது தெரிகிறது. உன்னுடையது ஏதாவது இருக்கிறதா?”

“ஒன்று இருக்கிறது.”

“சொல்லு.”

“வெள்ளம் வந்த அன்று,” என்று ஆரம்பித்தாள் அயிரை.

கோமளா ஓர் அடி முன்னால் வந்தாள்.

அந்த நாளைத்தான் அவள் நாற்பதிலும் சேர்க்கவில்லை. அன்று விராலன் கீழாற்றுக்குப் போயிருந்தார். வளைக்குள் தண்ணீர் ஏறியது. கண் திறக்காத இரண்டையும் கவ்வி இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்து, வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு கிடந்தாள். கொஞ்சம் நகர்ந்தாலும் அவை இரண்டையும் தண்ணீர் கொண்டுபோய்விடும். அங்கே நடு ஆற்றில் அயிரை. கோமளாவால் இறங்க முடியவில்லை. அவளால் முடிந்தது ஒன்றே ஒன்றுதான். திட்டினாள். யாரைக் கேட்டு இறங்கினாய், காலை அடி, சோம்பேறி, தலையைத் தூக்கு என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். பெற்ற பிள்ளை தண்ணீரில் தத்தளிக்கும்போது கரையில் இருந்து திட்டியவள். இது ஊருக்குத் தெரிந்தால் அப்புறம் எந்த முகத்தோடு நடப்பது?

“போதும் அயிரை, வா, வீட்டுக்குப் போகலாம்,” என்றாள். அவள் குரல் பக்கத்தில் இருந்தவர்களுக்கே கேட்கவில்லை. தொண்டை கட்டாமலே இப்படி ஆனது அதுதான் முதல் தடவை.

அயிரை நிறுத்தவில்லை.

“மழையில் எனக்குக் கண் தெரியவில்லை. தண்ணீர் எல்லாம் ஒரே சேறு. எந்தப் பக்கம் நீந்தினாலும் அந்தப் பக்கமும் ஆறாகவே இருந்தது. அப்போது அம்மா திட்டுவது கேட்டது. திட்டு எங்கிருந்து வருகிறதோ அங்கேதானே கரை இருக்கும்? அதைப் பிடித்துக்கொண்டே நீந்தினேன். பாதியில் அம்மாவின் தொண்டை போய்விட்டது. அப்புறம் வெறும் காற்று மாதிரிதான் வந்தது. ஆனாலும் அது திட்டுதான். எனக்குத் தெரியும்.”

அவள் ஓர் இலையை எடுத்து வைத்தாள்.

“அம்மாவின் திட்டுக்கு நன்றி.”

குரலை இறக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. அத்தை தூக்கி வைத்திருந்த மூஞ்சியை இறக்கினாள். கோமளா கொஞ்ச நேரம் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கழுத்து நிமிர்ந்தது. மீசை நிமிர்ந்தது. வாலும் நிமிர்ந்தது.

“என் குரல்தான்,” என்றாள் பக்கத்திலிருந்த கீரியிடம். “அன்றைக்கு நான் திட்டியது அந்த மூங்கில் கூட்டம் வரை போயிருக்கும். நடு ஆறு எம்மாத்திரம்?”

முயல்குட்டிக்கு மூன்று இலை, அயிரைக்கு ஒன்று. பாறை முயல் வீட்டுக்குப் போயிற்று. கோமளா அதைக் காதில் வாங்கிக்கொண்டாளா என்பதே சந்தேகம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் தன் மகள் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனாள். ஒரு சொல் விடவில்லை.

பச்சையம்மா மேலே பறந்து வந்தாள். “பாறை போய்விட்டதே அக்கா.”

“போகட்டும். உன் பிள்ளை நூறு பெயர் சொன்னாளே, அதில் நீ எத்தனையாவது?”

பச்சையம்மா வாய்க்குள்ளேயே எண்ணிப் பார்த்தாள். இரண்டு தடவை எண்ணினாள். பிறகு பேசாமல் பறந்துபோய்விட்டாள்.

வளையை நெருங்கும்போது தாய்முயல் மூச்சிரைக்க ஓடிவந்தது.

“அக்கா, பாறை பெரியது. நாங்கள் ஓர் ஓரமாக இருந்துகொள்வோம். உங்கள் குட்டிகள் தும்முவது எங்கள் புதர் வரைக்கும் கேட்கிறது. தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.”

கோமளா வாயைத் திறந்தாள். நாற்பது நன்றியைச் சொல்லிக் கொடுத்த வாய் அது. அவசரத்துக்கு ஒன்றுகூட வரவில்லை.

“வருகிறோம், வருகிறோம்,” என்றாள். “உன் பிள்ளைகளைக் காதை மடக்கிக்கொண்டு உட்காரச் சொல். வெயிலை மறைக்கக் கூடாது.”

அயிரை அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அம்மா, நிமிர்ந்து நில். குரலைக் கொஞ்சம் இறக்கு.”

கோமளா மகளை ஒரு முறை முறைத்தாள். பிறகு நிமிர்ந்து நின்றாள். குரலை இறக்கினாள்.

“நன்றியம்மா,” என்றாள் முயலிடம். “நீ கூப்பிடாமலே இருந்திருக்கலாம். ஓடி வந்து கூப்பிட்டாய்.”

ஒரு தடவை சொன்னதும் அடுத்தது கொஞ்சம் சுலபமாக வந்தது. பின்னால் விராலன் வாயில் ஒரு பெரிய மீனைக் கவ்விக்கொண்டு வந்துகொண்டிருந்தார். கோமளா அவர் பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்கும்தாங்க நன்றி. பத்து நாளாக மூன்று வேளையும் மீன் வந்தது. நான்தான் பார்க்கவில்லை.”

விராலன் திகைத்துப்போய் வாயைத் திறந்தார். மீன் நழுவி ஆற்றில் விழுந்தது, ஒரே பாய்ச்சலில் ஓடிப்போயிற்று.

அதற்குக் கோமளா திட்டிய திட்டு அக்கரை வரைக்கும் கேட்டது. கொக்கு இரண்டாவது காலையும் ஊன்றிக்கொண்டது.

நீதி: நூறு பேருக்கு நன்றி ஒப்பிப்பது எளிது, யார் என்ன செய்தார் என்று நினைவில் வைத்திருப்பதே நன்றி.