உதறாத பனி

அந்தக் காலத்தில் ஆடுகளும் ஊர்விட்டு ஊர் விருந்தாடப் போகும். சிரிக்காதீர்கள், போயின. கரிசல்காட்டு வெள்ளாட்டுக்கு மலைமேல் வாழும் வரையாடு அண்ணன் முறை. அப்படித்தான் ஒரு மார்கழியில் பொட்டுக்காரி என்ற வெள்ளாடு, "பனின்னா என்னதான்னு ஒருதரம் பார்த்துட்டு வந்துடலாம்" என்று தன் ஒற்றைக் குட்டியைக் கூட்டிக்கொண்டு மலையேறிவிட்டாள்.

அவளுடைய அண்ணன் குன்றன், வரையாட்டு மந்தைக்குத் தலைவன். ஆள் கொஞ்சம் மிடுக்குக்காரன். இருக்காதா பின்னே? கழுத்திலிருந்து வால்வரைக்கும் நாவல்பழக் கறுப்பு, தேடினாலும் ஒரு வெள்ளை மயிர் கிடைக்காது. வரையாடுகளுக்கு அது பெரிய விஷயம். மார்கழி விடியலில் மலைப்புல்லெல்லாம் உப்புக் கொட்டினதுபோல உறைந்து கிடக்கும். படுத்திருந்த ஆடுகளின் முதுகிலும் பனி பிடித்திருக்கும். வெயில் படுமுன் எழுந்து அதை உதறிவிட வேண்டும். வெயில் பட்டு முதுகிலேயே உருகினால் அந்த இடம் வெளுத்துவிடும், அப்புறம் கறுக்கவே கறுக்காது. வெளுத்தவன் சோம்பேறி, சோம்பேறிக்குத் தலைமை இல்லை என்பது மந்தையின் சட்டம். கூர்க்கொம்பன் என்ற இளங்கடா தினமும் கண்விழித்ததும் குன்றனின் முதுகைத்தான் பார்ப்பான்.

பொட்டுக்காரிக்கு மலை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"அண்ணே, அந்த மரமெல்லாம் ஏன் இப்படிச் செக்கச்செவேல்னு நிக்குது?"

"காட்டுப்பூவரசு, தங்கச்சி. குளிர் ஏற ஏறத்தான் அதுக்குப் பூக்கவே தோணும்."

ஓடையோரத்தில் பூங்குருவி சீட்டியடித்தது. கருமந்திகள் மர உச்சியில் உட்கார்ந்து, வயிற்றைக் காட்டி வெயில் காய்ந்தன. குட்டிக்கு ஒரே துள்ளல். "மாமா, மாமா" என்று குன்றனின் காலுக்கடியிலேயே கிடந்தது.

பொழுது சாயும்போது குன்றன் சொன்னான்: "சோலைக்குள்ள போய் மரத்தடியில ஒண்டிக்கோ தங்கச்சி. உங்க மெல்லிசு மயிரு இந்தக் குளிருக்கு ஆகாது."

"போங்கண்ணே! கத்திரி வெயிலையே தாங்குற உடம்பு இது. பனி பார்க்க வந்துட்டு மரத்தடியில முடங்குவாங்களா?" என்று பொட்டுக்காரி வெட்டவெளிப் பள்ளத்திலேயே படுத்துவிட்டாள்.

விடிந்தபோது குட்டி எழவில்லை. உடம்பு முழுக்கப் பனி. கால் நாலும் விறைத்துக் குச்சியாகக் கிடந்தன. மூச்சு மட்டும் இழையாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயோ, நான் பாவி! அண்ணே, என் பிள்ளையைக் காப்பாத்துங்க!"

அவள் போட்ட கூச்சலில் குன்றன் உதறக்கூட மறந்து ஓடிவந்தான். அந்தப் பள்ளத்துக்கு வெயில் வர நெடுநேரம் ஆகும். முதல் வெயில் விழுவது கிழக்குப் பாறையின் உச்சியில். அங்கே போகிற வழி குளம்பு அகலம்தான், கீழே அதலபாதாளம். வெள்ளாட்டுக் காலுக்கு அந்த வழி எட்டாது. குன்றன் முன்னங்காலை மடித்துக் குனிந்தான்.

"தலையால முட்டித் தூக்கி என் முதுகுல போடு. அழாத, நான் இருக்கேன்."

பாதிப் பாறை ஏறியிருப்பான், வெயில் வந்துவிட்டது. முதுகில் பனி இளகத் தொடங்கியது. பிறந்ததிலிருந்து பழகிய உடம்பல்லவா, உதறு உதறு என்று தோல் துடித்தது. கீழேயிருந்து கூர்க்கொம்பன் கத்தினான்: "தலைவரே! வெயில் வந்தாச்சு! உதறலையா?"

ஒரே ஒரு உதறல் போதும், கறுப்பு தப்பிக்கும். குட்டி பாதாளத்துக்குப் போகும்.  குன்றனுக்கு அவ்வளவு ஆசை அந்தக் கறுப்பின்மேல். 'போனால் போகட்டும் போ' என்று பல்லைக் கடித்துக்கொண்டான். உடம்பு அசையாமல், கால் மட்டும் அசைய, உச்சிக்குப் போய்ச் சேர்ந்தான்.

வெயிலில் கொஞ்ச நேரம் நின்ற பிறகு முதுகில் ஒரு சின்னக் குரல் கேட்டது. "மாமா, சூடா இருக்கு."

குன்றன் அழுதேவிட்டான்.

அவன் குட்டியோடு இறங்கி வந்தபோது மந்தை முழுக்க அவன் முதுகைத்தான் பார்த்தது. குட்டிமேல் இருந்த பனியும் சேர்ந்து உருகியதில், அது கிடந்த இடம் முழுக்க வெளுத்திருந்தது. கூர்க்கொம்பன் நெஞ்சை நிமிர்த்தி முன்னால் வந்தான்.

"வெளுத்தாச்சு. சட்டம் சட்டம்தான். இனிமே நான்தான் தலைவன்."

"இருப்பா" என்றாள் செங்குளம்பி என்ற சினையாடு. "தை பிறந்தா எனக்குக் குட்டி. அது பனியில விறைச்சுக் கிடந்தா, உன் கறுப்பு முதுகை வெச்சு நான் என்ன செய்ய? எனக்கு அந்த வெளுத்த முதுகுதான் வேணும்." சொல்லிவிட்டு விறுவிறு என்று நடந்துபோய்க் குன்றனின் பின்னால் நின்றாள். மற்ற சினையாடுகளும் வந்தன. கடைசியில் கூர்க்கொம்பனும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான்.

பொட்டுக்காரி அன்றைக்கே குட்டியோடு கீழே இறங்கினாள். பட்ட பாடு மறக்குமா? இன்றைக்கும் வெள்ளாடு நாலு தூறல் விழுந்தாலே கூரை தேடி ஓடுகிறது.

வரையாட்டுக் கடா அப்படியில்லை. மார்கழியில் மலைக்குப் போனால் பாருங்கள், பாறை உச்சியில் வெயிலைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். அந்தக் காலையிலிருந்துதான், முதிர்ந்த கடாவின் முதுகில் சேணம் போட்டதுபோல அந்த வெளுப்பு. ஒரு குட்டி படுக்கிற அளவு.