தூரத்து லென்ஸ்

"முதல் கேமரா வாங்கப் போறேன் டீச்சர். எந்த லென்ஸ் வாங்கட்டும்?"

கேட்டவர் ஆவுடையப்பன். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தலை முழுக்க நரை.

டீச்சர் மர்சூகாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் கேமரா பழக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் படித்தவர்கள் ஒரு குறை சொல்வார்கள். ஒன்று கேட்டால் நேராகப் பதில் வராது. கையில் எதையாவது கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவாள்.

ஆவுடையப்பன் விவரம் தெரியாமல் வரவில்லை. மாதக்கணக்கில் வீடியோ பார்த்திருந்தார். பெரிய சென்சாரா சின்னதா, கேமராவோடு கிடைக்கும் லென்ஸ் போதுமா, தனியாக வாங்க வேண்டுமா என்று எல்லாவற்றையும் கொட்டினார்.

மர்சூகா கடைசிவரை கேட்டாள்.

"எதை எடுக்கப் போறீங்க சார்?"

"பறவை."

சொல்லும்போது அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

சாயங்காலம் ஆனால் குளத்தங்கரைக்குப் போவதாகச் சொன்னார். அக்கரையில் நாரை வந்து இறங்குமாம். வெறும் கண்ணுக்குப் புள்ளியாகத்தான் தெரிகிறதாம். அதனால் நீளமான லென்ஸ் வேண்டும். எவ்வளவு தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டுமோ அவ்வளவுக்கு நல்லது.

"கேமரா எதுன்னாலும் சரிதான். புதுசா பழகுறவங்களுக்குப் பழையதே போதும். லென்ஸைத்தான் பார்த்து எடுக்கணும்" என்றாள் மர்சூகா. "நாளைக்குக் குளத்துக்கு வாறேன்."

மறுநாள் அவள் வந்தாள். பழைய கேமரா ஒன்றில் நீளமான லென்ஸை மாட்டி அவர் கழுத்தில் போட்டாள். இடது கையை லென்ஸுக்கு அடியில் கொடுத்து, மூச்சை அடக்கிப் பட்டனை அமுக்கச் சொன்னாள். பிறகு ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வெயில் சாய்ந்து நல்ல வெளிச்சம். நாரைகள் தண்ணீருக்குள் அசையாமல் நின்றன. ஆவுடையப்பன் எடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேமராவைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தார்.

மர்சூகா படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒன்றில்கூட நாரை இல்லை.

அக்கரையில் ஓர் ஓட்டு வீடு. அதில் ஒரு ஜன்னல். ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கும் சின்னக் கை. பாதி இருட்டில் ஒரு பெண்குழந்தையின் முகம். திரும்பத் திரும்ப அதே ஜன்னல்.

"யாரு சார் இது?"

பேத்தி என்றார். பேர் தெரியாது என்றார்.

அதற்குப் பிறகு அவராகவே சொன்னார். மகள் காந்திமதி வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். செல்வின் என்று பேர். கல்யாணமான சூட்டோடு, வேலை முடிந்து வந்தவனை ஆவுடையப்பனின் தம்பிமார் வழிமறித்தார்கள். வலது கையைக் கல்லில் வைத்து நசுக்கினார்கள். அந்தக் கையை அப்புறம் நீட்டவே முடியவில்லை. ஒரு காதும் கேட்காமல் போயிற்று. வழக்கு நடந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் பார்க்கவில்லை என்று சொன்னார்கள். அதோடு முடிந்தது.

போன வருடம் ஆவுடையப்பனின் மனைவி இறந்தாள். சாகும்போது மகள் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம்தான், மகள் அக்கரையில் குடியிருப்பது அவர் காதுக்கு வந்தது.

"இங்கேர்ந்து ஒரு படம் எடுத்து வெச்சுக்கிட்டாப் போதும். அவங்களுக்குத் தெரியவே வேண்டாம். யாருக்கும் தொந்தரவில்லை."

மர்சூகா அந்த ஜன்னல் படத்தை இன்னொரு தடவை பார்த்தாள்.

"அவரை அடிச்சப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"நான் கை வைக்கல டீச்சர். தள்ளித்தான் நின்னேன்."

அவள் நீளமான லென்ஸைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். விரல் நீளம்கூட இல்லாத ஒரு லென்ஸை எடுத்து மாட்டி, கேமராவை மறுபடி அவர் கழுத்தில் போட்டாள்.

"இது ஐம்பது எம்எம். இதுல பழகுங்க."

ஆவுடையப்பன் கண்ணில் வைத்துப் பார்த்தார். அக்கரை வெறும் கோடாக இருந்தது. வீட்டைக் காணோம். லென்ஸின் வளையத்தைத் திருகினார். எதுவும் கிட்டே வரவில்லை.

"இதுல எப்படிப் பக்கத்துல கொண்டு வர்றது?"

"இது கொண்டு வராது. நடந்து போகணும்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தான் கேட்டது லென்ஸைப் பற்றி, புத்திமதி கேட்டு வரவில்லை என்றார். காசைக் கொடுத்தால் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்றார்.

கிடைக்கும்தான் என்று மர்சூகா ஒப்புக்கொண்டாள். எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டாள். கேமராவை அவர் கழுத்திலேயே விட்டுவிட்டாள்.

ஆவுடையப்பன் கடைக்குப் போகத்தான் செய்தார். கடைக்காரர் நீளமான லென்ஸைக் கடைக் கேமரா ஒன்றில் மாட்டிக் கையில் கொடுத்தார். ஆவுடையப்பன் தெருப் பக்கம் திருப்பிப் பார்த்தார். எதிர் வரிசையில் பழம் விற்கும் ஒருவரின் முகம் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. நெற்றி வேர்வை தெரிந்தது. அந்த ஆள், தன்னை ஒருவர் பார்ப்பது தெரியாமல், தன்பாட்டுக்கு வாயை அசைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் அதை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்ன லென்ஸோடு குளத்தைச் சுற்றி நடந்தார். வழியில் இரண்டு தடவை திரும்பிவிடப் பார்த்தார். ஓட்டு வீட்டுக் கதவைத் தட்டினார்.

காந்திமதி திறந்தாள். இளைத்திருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை.

"கரையில வந்து நிக்கிறது நீங்கதானா?"

ஆமாம் என்றார்.

"உங்க ஆளுக நோட்டம் பாக்குறாகன்னு நெனச்சோம். அன்னைக்கு நீளமா என்னத்தையோ வெச்சுக் குறி பார்த்த மாதிரி இருந்துச்சு. புள்ளைய வாசல்ல விட்டே மாசக்கணக்காச்சு. வீட்டைக் காலி பண்ணலாம்னு இருக்கோம்."

ஆவுடையப்பன் கேமராவைத் தொட்டுக் காட்டினார். குழந்தையை ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன், அதற்கப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

அவள் அவரையும் கழுத்தில் தொங்கிய கேமராவையும் பார்த்தாள். உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள்.

செல்வின் வந்தான். வலது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருந்தது. அவன் காலுக்குப் பின்னால் குழந்தை.

"மொதல்ல இவுகளை எடுங்க" என்றாள் காந்திமதி.

ஆவுடையப்பன் கேமராவைக் கண்ணில் வைத்தார். செல்வின் சிறியதாகத் தெரிந்தான். ஓர் அடி கிட்டே போனார். இன்னும் ஓர் அடி. முகம் வந்தது. காதோரத்தில் இருந்து தாடைவரை தழும்பு. இந்த முகத்தை அவர் இதுவரை பார்த்ததே இல்லை. அடி விழுந்த அன்றைக்குப் புழுதியும் தம்பிமாரின் முதுகும்தான் தெரிந்தன.

தெளிவு போதவில்லை. வளையத்தைத் திருக இடது கையைத் தூக்கினார்.

செல்வினின் நல்ல கை தலைக்கு மேல் போயிற்று. உடம்பைக் குறுக்கிச் சுவரோடு சுவராக ஒடுங்கிக் குழந்தையை மறைத்தான். கண் இறுக மூடியிருந்தது.

குழந்தை அழவில்லை. அதுவும் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு குனிந்தது, வழக்கமாகச் செய்கிற காரியம்போல.

காந்திமதியின் குரல் உயரவில்லை.

"யாராவது கையைத் தூக்குனா இவுகளுக்கு இப்படித்தான் ஆகும். அதைக் கீழ வெச்சிட்டுப் பேசுங்க."

ஆவுடையப்பன் கேமராவைக் கழற்றிப் படியில் வைத்தார். இரண்டு கையும் அவர்களுக்குத் தெரியும்படி தொங்கவிட்டு நின்றார்.