ஒன்பதாவது மணை

அம்பலவாணர் ஆற்றங்கரை மடத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே போகக் கால் வரவில்லை.

காரணம் இதுதான். உள்ளே குருவாக இருந்த பெரியநாயகி, சிறுவயதில் அவரிடம் தமிழ் படித்தவள். சீர் பிரிக்கத் தெரியாமல் முழித்ததற்காக ஒருநாள் அவளை வெயிலில் நிறுத்தி வைத்திருக்கிறார். இன்றைக்கு அவளையே கும்பிட வேண்டும். அறுபது வயதுக்காரருக்கு முப்பது வயதில் குரு என்றால் ஊர் சிரிக்காமல் விடுமா? ஆனால் இங்கே வராவிட்டால் வைகாசித் திருவிழா மேடையில் அவரைப் பார்த்து ஊர் இன்னும் சத்தமாகச் சிரிக்கும் என்ற பயம்தான் அவரை இழுத்துவந்தது.

அவர் அட்டாவதானி. மேடையில் அவர் நடுவே உட்கார, எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே நேரத்தில் எட்டு விதமாகக் குடைவார்கள். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் மணியடிப்பார். ஒருவர் சதுரங்கக் காயை நகர்த்துவார். ஒருவர் பின்னால் இருந்து முதுகில் சின்னச் சின்னக் கற்களை எறிவார். வம்பு பேசிக் கவனத்தைக் கலைப்பதற்கென்றே ஒருவர் இருப்பார். எல்லாம் முடிந்ததும் அவதானி ஒவ்வொருவருக்கும் பிசகில்லாமல் விடை சொல்ல வேண்டும். ஒன்று தவறினாலும், ஊர் போட்ட வெள்ளிக் காப்பைத் தன் கையாலேயே கழற்றி விளக்கடியில் வைத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். அதன்பிறகு அந்த மேடையில் ஏற முடியாது. அவர் ஊர் அவையின் வழக்கம் அது.

அவர் காப்பு ஒருநாளும் கழன்றதில்லை. மாசியில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபிறகும் தலைக்குள் ஒரு மந்தம் தங்கிவிட்டது. அடுக்களைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று நிற்பார். பேச்சின் நடுவில் சொல் நழுவிவிடும். ஒருநாள் பேத்தியைக் கூப்பிட வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. "நான்தான் தாத்தா, கோமளா" என்று அவளே சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அன்று அவர் சாப்பிடவில்லை.

"வாங்க ஐயா. உக்காருங்க" என்றாள் பெரியநாயகி.

"இப்ப நீதான் குரு. நின்னுக்கிட்டே கேக்கறேன். தலைக்குள்ள பனி மூடிக்கிடக்கு. எப்படி விலக்கறது?"

"வைத்தியர் என்ன சொன்னார்?"

"நோய் இல்லையாம். தேறிடும்னு லேகியம் கொடுத்தார்."

"அதை விடாம சாப்பிடுங்க. பனி இருக்குன்னு எப்படித் தெரியுது?"

"சோதிச்சுப் பார்ப்பேன். கண் முழிச்சதும் படுக்கையிலேயே அந்தாதி சொல்லுவேன், எங்க தடுக்குதுன்னு. அப்புறம் பெருக்கல் கணக்கு. சாயங்காலம் மறுபடியும் எல்லாத்தையும் சொல்லிப் பார்ப்பேன்."

"தடுக்குதா?"

"நாளுக்கு நாள் கூடத்தான் செய்யுது."

அவள் எழுந்தாள். கூடத்தில் எட்டு மணைகளை எடுத்து, அவையில் போடுவதுபோல வட்டமாகப் போட்டாள். அப்புறம் உள்ளே போய் இன்னொரு மணையைக் கொண்டுவந்து, அவர் முகத்துக்கு நேரே போட்டாள்.

"எட்டுப் பேர்தானே? இது யாருக்கு?"

"தினமும் உங்களோட வர்றவருக்கு."

"என்னோட யாரும் வரலையே."

"இருக்கட்டும் ஐயா. ஆள் யாருன்னு நீங்களே சொல்லுவீங்க."



மறுநாள் பாடம் தொடங்கும் என்று பார்த்தார். பாடமே இல்லை. அந்தாதி கூடாது, கணக்கு கூடாது. மத்தியானம் சாப்பிட்டதும் தூங்கச் சொன்னாள். வெறுங்காலோடு ஆற்று மணலில் மெதுவாக நடக்கச் சொன்னாள். காலையிலும் மாலையிலும் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, மூச்சை நீளமாக விட்டபடி 'ம்' என்று முரலச் சொன்னாள். மூக்கும் நெஞ்சும் அதிர வேண்டுமாம்.

"நான் என்ன வண்டா?" என்றார்.

"வண்டுக்கு வெண்பா வராது. உங்களுக்கு வரும். முரலுங்க."

முரன்றார். ஆனால் மனுஷன் லேசுப்பட்டவரா? மணலில் நடக்கும்போது யாருக்கும் தெரியாமல் மனசுக்குள் அந்தாதியை ஓட்டிக்கொண்டே போனார். திரும்பி வந்ததும் அவள் கேட்டாள்.

"மணல் எப்படி இருந்துச்சு? சூடாவா, ஈரமாவா?"

அவருக்குத் தெரியவில்லை.

"இன்னொரு தரம் போயிட்டு வாங்க ஐயா."

அவருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "அன்னைக்கு உன்னை வெயில்ல நிறுத்தினேன்னு இப்ப பழி வாங்கறியா?"

"அன்னைக்கு வெயில் சுட்டது எனக்குத் தெரிஞ்சுது ஐயா. உங்களுக்கு மணல் சுட்டது தெரியலையே."

அவர் கீழே குனிந்து பார்த்தபோதுதான் பாதம் சிவந்திருந்தது தெரிந்தது. திரும்பிப் போனார். இந்தமுறை கள்ளம் பண்ணவில்லை. கரையோரம் மணல் கொதித்தது, தண்ணீருக்குப் பக்கத்தில் குளிர்ந்தது, நடுவில் ஓரிடத்தில் கிளிஞ்சல் குத்தியது. இதையெல்லாம் அவளிடம் சொல்லும்போது அவருக்குச் சின்னப் பையன் போல உற்சாகமாக இருந்தது.

அப்படியே நாட்கள் போயின. தூக்கம் நன்றாக வந்தது. பசித்தது. ஆனாலும் எதைச் செய்து முடித்தாலும் "சரியாச் செஞ்சேனா? பனி குறைஞ்சிருக்கா?" என்று கேட்பதை மட்டும் அவர் விடவில்லை. அவர் கேட்கும்போதெல்லாம் அவள் பதில் சொல்லாமல் அந்தக் காலி மணையைப் பார்ப்பாள். கிழவருக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் அவர் முரன்றுகொண்டிருந்தபோது முதுகில் ஒரு சின்னக் கல் வந்து விழுந்தது. அவர் உடம்பு விறைத்தது.

"எத்தனைன்னு சொல்லணுமா?"

"வேண்டாம். எங்க விழுதுன்னு மட்டும் சொல்லுங்க."

"இடது தோள்பட்டை." அடுத்தது விழுந்தது. "நடுமுதுகு. அதுக்குக் கொஞ்சம் கீழ. வலது விலா. மறுபடியும் தோள்."

அவள் நிறுத்தினாள்.

"அஞ்சு" என்று அவர் வாயில் தானாக வந்தது. சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டுத் திரும்பினார். "நான் எண்ணவே இல்லையே."

"முதுகு உங்களோடதுதானே ஐயா" என்று சொல்லிவிட்டு அவள் கற்களைப் பொறுக்கினாள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அடுத்த நொடியே, "இன்னொரு தரம் எறி. நிஜமாவே வருதான்னு பார்க்கறேன்" என்றார். எறிந்தாள். இந்தமுறை மூன்றாவது கல்லிலேயே குழம்பிவிட்டார். அவள் கற்களைக் கீழே வைத்தாள். அவர் கண்தான் தற்செயலாக எதிரே கிடந்த மணைமேல் போய் நின்றது.

வைகாசி வந்தது. அவர் விடைபெற்று ஊருக்குப் போனார்.

திருவிழா மேடை. பார்த்த இடமெல்லாம் தலை. முன்வரிசையில் மகளும் கோமளாவும் இருந்தார்கள். எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். மணி அடித்தது. ஒருவர் 'காக்கைக்கு வெள்ளை நிறம்' என்று ஈற்றடியை வீசினார். சதுரங்கத்தில் குதிரை பாய்ந்தது. வம்புக்கென்று வந்தவர், "ஐயா, வீட்ல இன்னிக்கு என்ன குழம்பு? வத்தலா, பருப்பா?" என்று நச்சரித்தார். கற்கள் முதுகில் விழத் தொடங்கின.

வெண்பாவின் இரண்டு அடி சொல்லி முடித்தார். மூன்றாவது அடிக்கு வாயைத் திறந்தார். பனி வந்து மூடியது.

ஒன்றுமே இல்லை. ஈற்றடி இல்லை, குதிரை இல்லை. கூட்டம் மெல்ல அடங்கியது. மகள் முகம் வெளுத்தது. அவர் கை தானாக மணிக்கட்டில் இருந்த காப்பைத் தொட்டது.

அப்போது ஒரு குரல் கேட்டது. 'மறந்துட்டியா? போச்சா? அவ்வளவுதானா?'

அவர் தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தார். மணிக்காரர் மணியோடு இருந்தார். சதுரங்கக்காரர் காய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வம்புக்காரர் குழம்பிலேயே நின்றார். எட்டுப் பேரில் ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தினமும் படுக்கையிலேயே அவரைச் சோதித்துப் பார்த்த குரல் அது.

அம்பலவாணர் சிரித்தார். வாய்விட்டு, உடம்பு குலுங்கச் சிரித்தார். கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார்.

"அவையோர் பொறுக்கணும். ஒரு மூச்சு விட்டுக்கறேன்" என்று சொல்லிக் கண்ணை மூடினார். நீளமாக முரன்றார். மேடைப் பலகை காலுக்குக் கீழே வழவழவென்று இருந்தது. நெஞ்சு அதிர்ந்தது. தோளில் ஒரு கல் விழுந்தது. மூச்சு முடிகிற இடத்தில் மூன்றாவது அடி வந்து நின்றது. சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்து எழுந்த காக்கையைக் கொண்டுவந்து வெண்பாவை முடித்தார். சபை கொல்லென்று சிரித்துக் கைதட்டியது.

அதன்பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. மணியின் கணக்கைச் சொன்னார். ஒரு தேதியைச் சொல்லிக் கிழமை கேட்டவருக்குக் கிழமை சொன்னார். சதுரங்கத்தில் எதிராளியின் ராஜாவை மூலையில் முடக்கினார். வம்புக்காரரைப் பார்த்து, "வத்தக்குழம்புதான். மதியம் வீட்டுக்கு வாங்க" என்றார்.

கடைசியில் கல் எறிந்தவர் எழுந்தார். "எத்தனை?"

அம்பலவாணர் தன் முதுகைத் தானே தொட்டுக் காட்டினார். "இங்க மூணு. இங்க அஞ்சு. இடுப்புக்கு மேல ரெண்டு. ஆகப் பத்து."

"பதினொண்ணு" என்றார் எறிந்தவர்.

"ஏழாவது கல் என்மேல படலை. பலகையில விழுந்து உருண்டது. அங்கதான் எங்கயாவது கிடக்கும்."

கல்லெறிந்தவர் குனிந்து தேடினார். விளக்கடியில், காப்பைக் கழற்றி வைக்கிற அதே இடத்தில், கல் கிடந்தது.

கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. அம்பலவாணர் மேடையின் ஓரத்துக்கு வந்து, அந்தச் சத்தத்துக்கு மேலே கூவினார்.

"கோமளா. ஏ கோமளா, மேல வா."

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் அழுததை ஊரே பார்த்தது. அவருக்கு அதில் வெட்கம் எதுவும் இல்லை.

மறுநாள் காலை, காப்புப் போட்ட கையில் ஒரு தார் வாழைப்பழத்தோடு மடத்துக்கு வந்தார். பெரியநாயகியைப் பார்த்ததும் யோசிக்காமல் விழுந்து கும்பிட்டார். எழுந்து கூடத்தைப் பார்த்தார். எட்டு மணைகள்தான் சுவரோரம் அடுக்கியிருந்தன.

"இன்னொண்ணு எங்க? ஆள் யாருன்னு சொல்லத்தானே வந்தேன்."

"அடுப்புல போட்டாச்சு ஐயா."

"எப்ப?"

"நீங்க ஊருக்குக் கிளம்பின அன்னைக்கே. நல்லா எரிஞ்சுது."

"நான் ஜெயிப்பேனா மாட்டேனான்னு தெரியாமலேயா?"

பெரியநாயகி தாரிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து அவர் கையில் வைத்தாள்.

"அதைக் கேக்கறவர் உக்கார்ற மணைதானே ஐயா எரிஞ்சுது."