நீலமாகாத ரத்தம்

அமலோற்பவம் செய்யக் கூடாத ஒன்றைச் செய்துவிட்டாள். சோதனைக்கு ரத்தம் எடுக்கும்போதே, மனசு கேட்காமல், "பயப்படாதேம்மா, சின்னவனுக்கு அதெல்லாம் இருக்காது" என்று செங்கமலத்திடம் சொல்லிவிட்டாள். செங்கமலத்தின் மூத்த மகன் போன வருஷம்தான் உடம்பெல்லாம் கட்டி வந்து செத்துப்போனான். இப்போது கைக்குழந்தைக்கும் கழுத்தில் கட்டி.

பிறவியிலேயே வரும் நோய் எதிர்ப்புக் குறையைக் கண்டுபிடிக்கிற சோதனைக்கூடம் அது. அதை நடத்துகிறவள் டாக்டர் ஹமீதா. வயதில் இளையவள்தான், ஆனாலும் அமலோற்பவத்துக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

ரத்தத்தில் மஞ்சள் சாயம் கலந்து, சூட்டுப் பெட்டிக்குள் உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும். கிருமியைக் கொல்லத் தெரிந்த வெள்ளணு கருநீலமாகும். தெரியாதது வெளிறிக் கிடக்கும். கூடவே நோயில்லாத ஒருவரின் ரத்தத்தையும் வைப்பார்கள். சோதனை ஒழுங்காக நடந்ததா என்பதை அது சொல்லிவிடும். சோதிக்கிறவரே தன் ரத்தத்தைக் கொடுப்பது அங்கே வழக்கம்.

அமலோற்பவத்தின் ரத்தம் நீலமானது. பிள்ளையுடையது ஆகவில்லை. மறுபடி வைத்தாள். மறுபடியும் அப்படியே. சாய பாட்டிலை மாற்றி இன்னொரு முறை வைத்தாள்.

இந்தத் தடவை ஹமீதாவிடம் ஓடியே வந்தாள்.

"டாக்டர்! என் ரத்தமும் நீலமாகலை! சோதனைதான் தப்பு!"

ஹமீதா மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தாள். பிறகு சூட்டுப் பெட்டியைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

"சுவிட்ச் போட்டீங்களா, அக்கா?"

போட்டிருக்கவில்லை. மறந்துபோனாளா, கை வரவில்லையா, அவளுக்கே தெரியவில்லை.

ஹமீதா திட்டவில்லை. சுவிட்சைப் போட்டாள். தன் விரலைக் குத்திக்கொண்டாள். குழாயில் மிச்சமிருந்த பிள்ளையின் ரத்தத்தையும் எடுத்து, இரண்டிலும் தனித்தனியாகச் சாயம் கலந்து பெட்டிக்குள் வைத்தாள். நேரமானதும் அமலோற்பவத்தைப் பார்க்கச் சொன்னாள்.

ஹமீதாவின் ரத்தம் கருநீலமாகியிருந்தது. பிள்ளையுடையதில் ஓர் அணுகூட மாறவில்லை.

"எலும்பு மஜ்ஜை மாத்தினா பிழைச்சுக்குவானா, டாக்டர்?"

"பொருந்துற ஆள் கிடைச்சா. கூடப் பிறந்தவங்க வேற யாரும் இல்லை. கிடைக்கிறது கஷ்டம்தான்."

வெளியே பெஞ்சில் செங்கமலம் பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவு வழியாக அவளைப் பார்த்ததும் அமலோற்பவத்துக்கு அழுகை பொங்கிவிட்டது.

"இருக்காதுன்னு நான் வாயாலே சொல்லிட்டேனே. எந்த முகத்தோட அவகிட்ட போய் நிப்பேன்? இன்னும் ஒரே ஒரு தடவை வெச்சுப் பார்க்கட்டுமா?"

ஹமீதா காலிக் குழாயையும் புது ஊசியையும் அவள் கையில் கொடுத்தாள்.

"தாராளமா வைங்க. ரத்தம் தீர்ந்துபோச்சு. அந்தப் பிள்ளையை இன்னொரு தரம் குத்தி எடுத்துட்டு வாங்க. எதுக்குன்னு அந்தம்மா கேட்பா. அவனுக்காகவா, உங்களுக்காகவான்னு சொல்லிடுங்க."